குன்னூர் பக்கம் பழைய கல் தேவாலயம்: உள்சுவரில் ஓதம், பூச்சு உரியுது

மலைப்பாதை:
சுண்ணாம்புக் காரையில் எழுப்பின கல் சுவர், மங்களூர் ஓடு. பிற்பாடு உள்ளே சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சிருக்காங்க. இப்போ மூணு அடி உயரம் வரை ஓதம். தட்டினா டொக்கு சத்தம், ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கு. வாட்டர்ப்ரூஃப் கலந்து மறுபடி சிமெண்டே பூசலாம்னு கமிட்டியில் பேச்சு. சரியா?

காரைவேலை:
தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் குடிச்ச ஈரத்தை வெளியே விட்டுடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைச்சா, ஈரம் இன்னும் மேலே ஏறும்; உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி பழைய காரையை மாவாக்கிடும். ஒரு சில்லு பெயர்த்து, கல் இடுக்கை விரலால் சுரண்டுங்க. மாவா கொட்டினா இதுதான் காரணம்.

அதுக்கு முன்னே வெளியே பாருங்க. உள்தரையைவிட மண் உயர்ந்திருக்கா, சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தியோ சிமெண்ட் தளமோ இருக்கா? மழை பெய்யும்போதே நின்னு கூரைப் பீலி (மழைத்தண்ணிக் கால்வாய்) எங்கே வழியுதுன்னு கவனிங்க. தண்ணி வரவை நிறுத்தாம எதைப் பூசினாலும் வீண்.

சுண்ணாம்புக்காளவாய்:
மேலே சொன்னது சரி. சிமெண்ட் பூச்சைப் பெயர்க்க உளியும் சுத்தியலும் போதும். மெஷின் வெச்சா கல் முனை தெறிக்கும். உப்பைத் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, திரும்ப உள்ளேதான் போகும். காய்ஞ்ச பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்க. சுவர் ஒரு கோடை முழுக்க ஆறட்டும்.

கலவை: நீற்றி மூணு வாரமாவது தண்ணிக்கடியில் கிடந்த சுண்ணாம்பு 1, கழுவின கூர்மணல் (முனை மழுங்காத மணல்) 3. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், தடிச்சா வெடிக்கும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெல்லக் காயவைக்கணும். டிசம்பர், ஜனவரியில் தொடவே கூடாது: உறைபனியில் காயாத பூச்சுக்குள் இருக்கிற நீர் உறைஞ்சு, விரிஞ்சு, ஏடு ஏடாக உரிஞ்சிடும். சுவர் ஆறின பிறகு வர்ற பிப்ரவரி கடைசியில் தொடங்கி, தென்மேற்கு மழைக்கு முன்னே முடிங்க. மேலே வெள்ளையடிப்பு மட்டும்.

உத்திரம்:
மரத்தை மறந்துடாதீங்க. ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல். உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்தவை. அப்பேர்ப்பட்ட மரத்துக்கும் சுவருக்குள் புதைஞ்ச முனைதான் பலவீனம். அங்கே குத்தூசியால் குத்துங்க. தடையில்லாம இறங்கினா முட்டுக் கொடுத்துட்டு அப்புறம் காரையைத் தொடுங்க.

மலைப்பாதை:
அளந்தாச்சு. வடக்குப் பக்கம் வெளிமண் அரை அடி உயரம். பூச்செடிப் பாத்தியேதான்.