காற்றில் ஓடும் இன்ஜின் நீராவியில் நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஊசலாடும் சிலிண்டர் வைத்த சின்ன நீராவி இன்ஜின் ஒன்றை ஆறு மாதமாக லேத்தில் செய்து வருகிறேன். பித்தளை சிலிண்டர், எஃகு பிஸ்டன், 12 மி.மீ. விட்டம், 20 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்).

கம்ப்ரசர் காற்றில் அழகாக ஓடுகிறது. ஃப்ளைவீலை விரலால் சுண்டினாலே போதும். பாய்லரில் இணைத்து 2 பார் அழுத்தம் கொடுத்தால் முதலில் வெந்நீரைத் துப்புகிறது. குளிர்ந்த சிலிண்டர் என்பதால் அது சரிதான். அப்புறம் இரண்டு நிமிடம் ஓடி, மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் சிலிண்டரின் திறந்த வாய் வழியாக நீராவி புகைகிறது.

சிலிண்டர் உரசி ஆடும், நீராவித் துளைகள் உள்ள போர்ட் முகத்தில் நீலச் சாயம் தடவிப் பார்த்தேன், முழுக்கப் படிகிறது; அங்கே இடைவெளி இல்லை. சிலிண்டரை அந்த முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பார்த்துவிட்டேன். எஃகைவிடப் பித்தளை சூட்டில் அதிகம் விரியும். 110 டிகிரி ஏறினால் இந்த விட்டத்துக்கு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய 0.01 மி.மீ. கூடும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிஸ்டனில் பள்ளம் வெட்டி, ‘வைட்டான்’ (Viton) என்ற சூடு தாங்கும் ரப்பரில் செய்த ஓ-ரிங் (அடைப்பு வளையம்) போடலாமா, கிராஃபைட் நூல் சுற்றலாமா? ஓ-ரிங் என்றால் பள்ளம் எவ்வளவு ஆழம் வேண்டும்? கொஞ்சம் இறுகினாலும் உராய்விலேயே நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.