கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மெயின்பிரேம் லினக்ஸ் எழவில்லை, அவசரம்

மலைவாசி (ஏற்காடு): நண்பர்களே, மெயின்பிரேம் லினக்ஸில் கர்னல் அப்டேட் போட்டு ரீபூட் செய்தேன், எழவே இல்லை. கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரான கிரப்பைத் திரும்ப எப்படி இன்ஸ்டால் செய்வது? காலையில் பேட்ச் ஜாப் (மொத்தமாக ஓடும் வேலைகள்) ஓடியாக வேண்டும்.

ஐந்துரோடு: எழவில்லை என்றால் திரையில் என்ன நிற்கிறது? எந்த டிஸ்ட்ரோ? இசட்/விஎம்முக்குள் ஓடும் மெய்நிகர் மெஷினா (கெஸ்ட்), மெஷினின் நேரடிப் பிரிவா (எல்பார்)? டிஸ்க் மெயின்பிரேமின் சொந்த வகையான டாஸ்டியா, எஃப்சிபி வழியாக வரும் ஸ்கசி வகையா?

அஸ்தம்பட்டி: மலையில் சாயங்காலம் இடி வெளுத்து வாங்கியது. கரண்ட் போய்வந்ததில் டிஸ்க் அடிவாங்கியிருக்கும். முதலில் யூபிஎஸ்ஸைப் பாருங்கள்.

மலைவாசி: மெஷின் சென்னையில் இருக்கிறது சார். நான் வீட்டிலிருந்து 3270 டெர்மினல் திரையில் பார்க்கிறேன்.

பழைய ஆபரேட்டர்: கேள்வியே தப்பு. கிரப் எல்லாம் பிசிக்காரர்கள் சமாச்சாரம். இங்கே பயாஸும் கிடையாது, யூஇஎஃப்ஐயும் கிடையாது. ஐபிஎல் (மெஷினை எழுப்பும் கட்டளை) கொடுத்தால் ஜிப்பிள் என்ற பூட்லோடர் கருவி டிஸ்க்கில் எழுதி வைத்ததை மெஷின் படிக்கும், அவ்வளவுதான். ஆவணத்தைப் படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

தட்டுவடை செட்: அய்யா, சூசே எண்டர்பிரைஸ் 12 முதல் இங்கேயும் கிரப் உண்டு. ஜிப்பிள் ஒரு குட்டி கர்னலை ஏற்றும், அதற்குள் கிரப் மெனு வரும், தேர்ந்தெடுத்த கர்னல் கெக்ஸெக் (ஓடும் கர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வசதி) வழியாக ஓடும்.

பழைய ஆபரேட்டர்: அது வேஷம் போட்ட கிரப். ஏற்றுவது ஜிப்பிள்தானே?

தட்டுவடை செட்: மெனு வருகிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

ஐந்துரோடு: சண்டையை அப்புறம் போடலாம். மலைவாசி, கேட்டதற்குப் பதில்?

மலைவாசி: ரெட் ஹாட் 8, இசட்/விஎம் கெஸ்ட், டாஸ்டி 0200. 'டிசேபிள்டு வெயிட் பிஎஸ்டபிள்யூ' (மெஷின் நின்றுவிட்டது) என்று ஒரு வரி, கீழே மூலையில் சிபி ரீட் (இசட்/விஎம் கட்டளைக்குக் காத்திருக்கிறது). வேறொன்றும் இல்லை.

குகை: கர்னல் கண்டுகொள்ளாத சாதனங்களின் பட்டியலான சிஐஓ இக்னோரில் டிஸ்க் மாட்டியிருக்கும். எனக்கு எப்போதும் அதுதான்.

ஐந்துரோடு: அப்படியென்றால் கர்னல் செய்திகள் ஓடி, ரூட் டிஸ்க்கைக் காணோம் என்று டிராகட் அவசர ஷெல்லில் நின்றிருக்கும். இங்கே கர்னலே தொடங்கவில்லை. ஜிப்பிள் ஃபைல் பெயரைப் பார்த்து ஏற்றாது. கர்னல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் கிடக்கிறது என்று குறித்து வைத்து அதையே படிக்கும். ஃபைலை மாற்றிவிட்டு ஜிப்பிள் ஓட்டாவிட்டால் பழைய இடத்தில் இருக்கும் குப்பையைத்தான் ஏற்றும்.

முதலில் 'ஐபிஎல் 0200 லோட்பார்ம் பிராம்ப்ட்' கொடுங்கள். மெனு வந்தால் வெறும் எண்ணை அடிக்காதீர்கள், 'ஹேஷ் சிபி விஐ விஎம்எஸ்ஜி 2' என்று அனுப்ப வேண்டும். மெனுவே வராவிட்டால் இன்ஸ்டாலரை ரீடரில் (மெய்நிகர் கார்டு ரீடர், முகவரி 00சி) பஞ்ச் செய்து 00சியிலிருந்து ஐபிஎல், கர்னலுக்கான பார்ம் ஃபைலில் இன்ஸ்ட் டாட் ரெஸ்க்யூ, அதாவது மீட்பு முறை. சிஎச்சிசிடபிள்யூடெவ் கட்டளை கொண்டு 0200ஐ ஆன்லைன் ஆக்கி, ரூட்டையும் பூட்டையும் மவுன்ட் செய்து, சிரூட்டுக்குள் (மவுன்ட் செய்த சிஸ்டத்தையே ரூட்டாக வைத்து) போய் ஜிப்பிள் ஓட்டுங்கள். பூட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி: எதற்கும் சென்னையிலும் யூபிஎஸ்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குகை: பழகுவதற்கு வீட்டு பிசியில் மெயின்பிரேம் எமுலேட்டரான ஹெர்குலிஸ் போட்டால் போதுமா?

பழைய ஆபரேட்டர்: பொம்மை.

தட்டுவடை செட்: 1999 முதல் ஓடுகிற பொம்மை. டெபியனை ஏற்றி ஜிப்பிளைக் கெடுத்துக் கெடுத்துப் பழகலாம். நிஜ மெஷினில் உங்களைக் கெடுக்க விடுவார்களா?

மலைவாசி: வந்துவிட்டது. மெனு வரவில்லை, ரெஸ்க்யூதான். பூட் 100% நிரம்பி இருந்தது. ஜாப் ஓடுகிறது, நன்றி.

ஐந்துரோடு: கர்னலோடு ஏற்றப்படும் தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதியிருந்ததா, திரும்ப உருவாக்கினீர்களா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

பழைய ஆபரேட்டர்: ஜிப்பிள் என்று முதலிலேயே சொன்னேன்.

தட்டுவடை செட்: சூசேயாக இருந்திருந்தால்?