ஆமாம், வாழைப்பழம் இல்லை

(குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

அத்தை: சாயங்காலப் பூஜைக்கு வாழைப்பழம் வாங்கியாச்சா கார்த்தி?

கார்த்தி: ஆமாம் அத்தை, வாழைப்பழம் இல்லை.

அத்தை: ஆமாமா, இல்லையா? ஒழுங்காகச் சொல்லுடா.

மாமா: அடேய், 1923-இல் அமெரிக்காவே இதைத்தான் பாடிக்கொண்டு திரிந்தது! 'யெஸ்! வீ ஹேவ் நோ பனானாஸ்.'

கார்த்தி: எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது மாமா. கடையில் நிஜமாகவே இல்லை.

சித்தி: மாமா தொடங்கிவிட்டார். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மாமா: கேளுங்கள். ஃபிராங்க் சில்வர் என்று ஒரு வாத்தியக்குழுக்காரர். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போகும்போதெல்லாம் ஒரு கிரேக்கரின் பழக்கடையில் நிற்பாராம். கடைக்காரர் எதைச் சொன்னாலும் 'யெஸ்' போட்டுத்தான் தொடங்குவார். அந்தப் பேச்சு மண்டையை விட்டுப் போகவில்லை. இவர் வரி எழுத, நண்பர் இர்விங் கோன் மெட்டுப் போட்டார்.

மீனா: மெட்டு சொந்தச் சரக்கா மாமா?

மாமா: அங்கேதான் வம்பு. தொடக்கம் ஹாண்டெல் என்ற பழைய இசையமைப்பாளரின் 'அல்லேலூயா' கோரஸ் என்று சிக்மண்ட் ஸ்பேத் என்ற இசை எழுத்தாளர் பிடித்துவிட்டார்.

மீனா: இருங்கள், பாடிப் பார்க்கிறேன்.

மீனா: ஐயோ, ஆமாம்! 'அல்-லே-லூ-யா' வருகிற இடத்தில் 'யெஸ் வீ ஹேவ் நோ' கச்சிதமாக உட்காருகிறது. இனி சர்ச் பக்கம் போனால் சிரிப்பை எப்படி அடக்குவது?

சித்தப்பா: வேலையற்றவர்கள் பாட்டு.

மாமா: வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாய் தம்பி. 1932-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வேலையில்லாதவர்கள் உதவித்தொகை கேட்டு ஊர்வலம் போனார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் சேர்ந்து. பேண்டுக்காரர்களுக்குத்தான் சிக்கல். எந்தப் பாட்டை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு தரப்பின் பாட்டு. ரெண்டு பக்கமும் சண்டையில்லாமல் கிடைத்தது இந்த வாழைப்பழம்தான்.

சித்தப்பா: இது நல்லா இருக்கே அண்ணா!

மாமா: அப்புறம் போர் வந்து, 1940-இல் பிரிட்டன் வாழைப்பழ இறக்குமதியையே நிறுத்தியது. பழக்கடைக்காரர்கள் இந்த வரியையே பலகையில் எழுதி மாட்டிவிட்டார்கள்.

சித்தி: வாழைப்பழக் காமெடி நமக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்தேன்.

அத்தை: லண்டன் கதை இருக்கட்டும். மணி நாலாகிறது, என் பழம் எங்கே?

கார்த்தி: மார்க்கெட்டில் கிடைத்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறேன்.

அத்தை: பூவன்தானே?

கார்த்தி: ஆமாம் அத்தை, பூவன் இல்லை. ரஸ்தாளி.