புகைபிடிக்காத அம்மாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய் வந்தது எப்படி? இன்ஹேலர் பழகிவிடுமா?

கரிசல்மண் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 61. மூன்று ஆண்டுகளாகக் காலையில் சளியுடன் இருமலும், வேகமாக நடந்தால் இளைப்பும் இருந்து வந்தன. சென்ற மாதம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டதால், நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, ஒரு குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்து, இது சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவந்த பங்கு 58 விழுக்காடு என்றும், மருந்து கொடுத்து மீண்டும் ஊதியபோது 60 விழுக்காடு என்றும் அறிக்கையில் உள்ளது. விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு 94.

அம்மா வாழ்நாளில் பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆஸ்துமாவைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்களோ என்று தோன்றுகிறது. "ஒருமுறை உறிஞ்ச ஆரம்பித்தால் கடைசிவரை விட முடியாது, மாத்திரையாகவே கேட்டு வாங்கு" என்று பெரியம்மா சொன்னதிலிருந்து, எழுதிக் கொடுத்த இன்ஹேலரைத் தொடவே அம்மா மறுக்கிறார். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று வாங்கி வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மூச்சளவை (மறுமொழி):

நண்பருக்கு வணக்கம். நான் மருத்துவர் அல்லன். நுரையீரல் செயல்திறனை அளக்கும் ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் வந்தால் நான் முதலில் கேட்பது, "எத்தனை ஆண்டு விறகடுப்பு எரித்தீர்கள்?" என்பதைத்தான். பருத்திமார், சீமைக்கருவேல விறகு, வரட்டி ஆகியவற்றின் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளமாக உண்டு. பெரிய தூசியை மூக்கு பிடித்துக்கொள்ளும். இவை அதையும் தாண்டிக் கடைசிவரை இறங்கிவிடும்.

கடைசிவரை என்பது எவ்வளவு தூரம் என்று சொல்கிறேன். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் பிரிந்து, ஏறத்தாழ 23 முறை கிளைத்த பின் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. அந்த நுண்ணறைகள் முப்பது கோடிக்கும் குறையாமல் இருக்கின்றன. பெரிய குழல்களைக் குருத்தெலும்பு விறைப்பாக நிறுத்தி வைக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழல்களுக்கு அந்தத் துணை கிடையாது. பந்தல்காலைச் சுற்றிலும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவதுபோல, சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்களின் மீள்தன்மைதான் அவற்றைத் திறந்து வைத்திருக்கிறது. பல்லாண்டுப் புகை அந்தக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடுகிறது. அதனால் மூச்சை வெளியே விடும்போது நுண்குழல் நசுங்கிக்கொள்கிறது. பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. "மூச்சு உள்ளேயே போகவில்லை" என்று நோயாளிகள் சொல்வார்கள். உண்மையில் உள்ளே இருப்பது வெளியே வராததால்தான் புதிய காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நுரையீரல் உப்பி, அதன் அடியில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானமும் தட்டையாகிவிடுவதால், குடத்தைத் தூக்கும்போது இன்னும் திணறுகிறது. காலை நேரச் சளிக்கும் புகையே காரணம்: அழுக்கைத் தொண்டைக்குத் தள்ளிவிடும் நுண்மயிர்கள் அதனால் சேதமடைந்திருக்கும்.

ஆஸ்துமாவில் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுவதும் உள்தோல் வீங்குவதும் முக்கியம். மருந்து உள்ளே போனால் தசை தளர்ந்து, முதல் நொடிக் காற்று பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும். மருந்துக்குப் பிறகும் அந்தப் பங்கு 70 விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்பது சி.ஓ.பி.டி.யின் அடையாளம். உங்கள் அம்மாவின் 60 அதைத்தான் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

பெரியம்மாவிடம் ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள். மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை குடலுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடலெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் கூடுதலாக வருகின்றன. தினமும் எடுக்கச் சொல்வது நோய் நாள்பட்டது என்பதால்தான். மருந்துக்கு அடிமையாக்கும் குணம் கிடையாது. சர்க்கரை மாத்திரையைத் தினமும் விழுங்குபவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

தென்றல் (மறுமொழி):

என் அத்தைக்கும் இதே நோய்தான், ஏழு ஆண்டுகளாக. கேஸ் அடுப்பு வந்துவிட்டதே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்; ஆனால் குளிக்க வெந்நீர் போடக் கொல்லையில் விறகடுப்பு மூன்று வேளையும் எரிந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் வீட்டிலும் அதைப் பாருங்கள். மற்றொன்று, இன்ஹேலரை நேரடியாக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவையில் பொருத்தி, மூச்சை முழுவதும் விட்ட பிறகு அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்கி வைக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். அத்தை அதை விட்டதால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. இளைப்பு வரும்போது மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதடுகளைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். மேலே நண்பர் சொன்ன நசுங்கும் குழல்கள், உள்ளிருக்கும் அந்த அழுத்தத்தால் சற்று நேரம் திறந்திருக்கும்.

நெஞ்சக மாணவி (மறுமொழி):

ஆக்சிஜன் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓய்வில் 94 இருப்பவருக்கு இயந்திரம் தேவைப்படாது. அதனினும் முக்கியமாக, இந்நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி மயக்கம் வரை போகலாம். அதனால்தான் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கும்போதும் பெரும்பாலும் 88 முதல் 92 வரை மட்டும் வைத்திருக்க முயல்கிறோம். இயந்திரத்துக்கான பணம் கையில் இருக்கட்டும். ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியையும் நிமோனியா தடுப்பூசியையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சளி மஞ்சளாக மாறி இளைப்பு திடீரென்று கூடினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறித் தூக்கக் கலக்கமாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

கரிசல்மண்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன், பதினெட்டு வயதில் திருமணமாகி வந்ததிலிருந்து நான் கேஸ் இணைப்பு வாங்கும் வரை 35 ஆண்டுகள், ஜன்னல் இல்லாத அடுக்களையில் ஊதுகுழல் வைத்து ஊதியிருக்கிறார். வெந்நீர் அடுப்பு எங்கள் வீட்டிலும் இன்றுவரை எரிகிறது. நாளையே வாட்டர் ஹீட்டருக்குச் சொல்லப்போகிறேன். மாத்திரைக் கணக்கைப் பெரியம்மாவிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "அப்படியானால் அடித்துப் பார்க்கட்டும்" என்றார். இன்று மாலை அம்மா ஸ்பேசர் வைத்து முதல்முறை எடுத்துக்கொண்டார்.