புதுப்பிப்பு: ஸ்டொப் மோஷனுக்கு மலிவான கமரா

களிமண் பொம்மைகளை வைத்து ஸ்டொப் மோஷன் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கும் அசைவுப்படம்) எடுக்க மலிவாக எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பம்பலப்பிட்டியில் பாவித்த கெனன் 1100டி ஒன்றை வாங்கினேன். லென்ஸ் காணும் காட்சியை உடனுக்குடன் திரையில் காட்டும் லைவ் வியூ வசதி இருப்பதால் கணினித் திரையைப் பார்த்தபடியே பொம்மையை நகர்த்தலாம். ஆனால் கமராவின் அமைப்புகள் எல்லாவற்றையும் மெனுவலில் (கையால் மாற்றும் முறையில்) வைத்தும், படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக் குறைந்து காட்சி மினுங்கியது. தானியங்கி லென்ஸ் எதுவானாலும், ஒளி உள்ளே வரும் துவாரம் ஒவ்வொரு படத்துக்கும் இம்மியளவு வேறுபட்டே மூடுமாம். துவாரத்தைக் கையால் திருப்பி ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் வளையமுள்ள பழைய நிக்கோன் லென்ஸை அடப்டர் போட்டுப் பொருத்தச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் பலித்தது. மினுங்கல் அடியோடு நின்றது.

எதிர்பாராதது ஒன்று: என் வெள்ளைச் சட்டையில் பட்ட ஒளி பொம்மையின் கன்னத்தில் தெறித்து, நான் அசையும்போதெல்லாம் நிறம் மாறியது. இப்போது கறுப்புச் சட்டை அணிந்து, யன்னலையும் தடித்த துணியால் மூடிவிட்டே எடுக்கிறேன்.