சிறுபோகக் கட்டுரைக்குப் படம்: கோடா, வாஷா?

குளக்கட்டு:
கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர சிறுபோகத் (கோடைகால நெற்செய்கை) தண்ணிப் பங்கீடு பற்றிச் சஞ்சிகை ஒண்டில கட்டுரை வருது. அரைப்பக்கப் படம், 190க்கு 130 மில்லிமீற்றர். தாள் நியூஸ்பிரின்ட், கறுப்பு மட்டும். வெடிச்ச குளத்தின்ர நடுவில ஒரு விவசாயி, கறுப்பு மையைத் தண்ணியில கரைச்சு வாஷ். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?

மைக்கூடு:
இருக்கு. நியூஸ்பிரின்ட் மையைக் குடிக்கும், சாம்பலை அச்சில காட்டிற சின்னக் கறுப்புப் புள்ளி விரியும். கணினியில 50 வீதமாத் தெரியிற சாம்பல் அச்சில 75க்குக் கிட்டப் போயிடும். நடுச்சாம்பலும் கடுஞ்சாம்பலும் ஒண்டாகி விவசாயியின்ர முகம் கரியாகும். கோட்டுச் சித்திரமாக் கீறுங்கோ. அச்சளவின்ர ஒண்டரை மடங்கில கீறிப் பிறகு சுருக்கலாம், அதாவது 285க்கு 195 எண்டா ஏ4 தாளுக்குள்ள அடங்கும். சுருக்கேக்க கோடும் மெலியும் எண்டதை மறக்கக்கூடாது: 0.3 பேனைக்கோடு 0.2 ஆகித் தப்பும், 0.1 பேனைக்கோடு அங்கங்க அறும். குறுக்குக்கோட்டு நிழலில இடைவெளி அரை மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா மை அடைக்கும்.

அடிக்கீறலுக்கு வெளிர்நீலப் பென்சில். கலரில ஸ்கான் பண்ணி நீலச் சனலை (படத்தின்ர நீல நிறப் பங்கை) மட்டும் எடுத்தா பென்சில் மறைஞ்சிடும். சிவப்புச் சனலை எடுத்தா இன்னும் கறுப்பா வரும். அச்சளவில 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிட்மப், அதாவது சாம்பல் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் படம் வேணும், சுருக்கிறபடியால் 800இல ஸ்கான் பண்ணினாக் காணும். சாம்பல் படமா அனுப்பினா கோட்டோரமெல்லாம் புள்ளி விழுந்து அரிச்சமாதிரி இருக்கும்.

நாயாறு:
புள்ளி விரியிறது உண்மை. அதுக்காக வாஷையே தள்ளுறது நியாயமில்லை அண்ணை. தண்ணியின்ர ஆழத்தை வாஷ் காட்டிறமாதிரி கோடு காட்டாது. விரியப்போறதை முதலே கழிச்சு அனுப்பலாம்: கர்வ்ஸில (கணினியில சாம்பலைக் கூட்டிக் குறைக்கிற கருவி) 50ஐ 30க்கு இறக்குங்கோ, கடுங்கறுப்பை 85இல நிப்பாட்டுங்கோ. 3 வீதத்துக்குக் கீழ புள்ளி பிடிக்காது, அந்த இடத்தை வெறும் தாளா விடுங்கோ. 100 கோட்டு ஸ்கிரீனுக்கு (அங்குலத்துக்கு 100 வரிசை அச்சுப்புள்ளி) 200 டிபிஐ காணும்.

கீறேக்கயே மூண்டு நிலைக்கு மேல போகவேண்டாம்: தாள் வெள்ளை, நடு, கடும். மையை ரெண்டு கிண்ணத்தில கலந்து, துண்டுத் தாளில பூசிக் காயவிட்டுப் பாத்திட்டுத் தொடங்குங்கோ. ஈரத்தில கடுமாத் தெரியிறது காஞ்சா வெளிறும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்பு, நாலு பக்கமும் பலகையில ஒட்டினது. மெல்லிய தாள் நெளிஞ்சு, நெளிவின்ர நிழலும் ஸ்கானில ஏறும். மாரியில கேக்கவே வேண்டாம்.

மைக்கூடு:
அந்த 30 கணக்கு, அச்சகம் தன்ர பக்கத்தில கழிக்காட்டித்தான் சரி. அச்சுத்தட்டு எடுக்கேக்க அவையும் கழிச்சா ரெண்டுதரம் கழிஞ்சு படம் செத்துப்போகும். பிட்மப் கோட்டுக்கு இந்தத் தலையிடி இல்லை.

நாயாறு:
அச்சகத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டாச் சொல்லுவினம். அதுக்குப் பயந்து ஏன் வாஷை விடோணும்?

முறிப்பு:
ரெண்டுபேரும் மையிலயே நிக்கிறியள். படத்தின்ர கருத்தே பிழை. சிறுபோக விதைப்பைத் தீர்மானிக்கிற கூட்டம் நடக்கேக்க குளம் வெடிச்சுக் கிடக்கிறேல்ல, தண்ணி நிக்கும். நிக்கிற தண்ணிக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம், அது ஆருக்கு எவ்வளவு எண்டதுதான் பிரச்சினை. வெடிச்ச நிலத்தைப் போட்டா வாசிக்கிற ஆள் வறட்சிக் கட்டுரை எண்டு நினைச்சுத்தான் தொடங்கும். தண்ணி உயரம் காட்டிற குளத்து அளவுகோலைக் கீறுங்கோ. முழுக்குளம் 36 அடி, தண்ணி அதுக்குக் கீழ ஒரு குறியில. அந்தத் தண்ணிப்பரப்பையே வரம்பு போட்டு வயல்துண்டா வெட்டுங்கோ, ஒண்டு பெரிசு, மற்றதெல்லாம் சின்னன்.

நாயாறு:
கமக்காரருக்கு உடன விளங்கும். கொழும்பில இருந்து வாசிக்கிறவருக்கு அளவுகோல் வெறும் கம்பு. வெடிச்ச நிலம் ஒரு பார்வையிலயே பிடிபடும், பக்கம் புரட்டுறவரை நிப்பாட்டிறதும் படத்தின்ர வேலைதானே.

முறிப்பு:
பிழையான கட்டுரைக்கு நிப்பாட்டி என்ன செய்யிறது? "தண்ணி", "பங்கு" எண்ட சொல்லுகள் தலைப்பில வரும். தலைப்புச் சொன்னதையே படமும் சொல்லவேண்டியதில்லை. கொழும்பு வாசகருக்கு ஏக்கர் கணக்குத் தெரியாட்டியும் பெரிய துண்டையும் சின்னத் துண்டையும் தெரியும்.

நாயாறு:
துண்டுகள் சரி, ஒத்துக்கொள்ளுறன். அளவுகோல் வேண்டாம் எண்டதில மாற்றமில்லை. துண்டுகளைப் பிரிச்சுக் காட்ட வாஷ்தான் வசதி எண்டதிலயும்.

குளக்கட்டு:
வெடிச்ச நிலத்தை விட்டாச்சு. அளவுகோலோட ஒண்டு, இல்லாமல் ஒண்டு எண்டு உள்ளங்கையளவில ரெண்டு மாதிரிக்கீறல் ஆசிரியருக்கு அனுப்புறன். கோட்டுப் படம், தண்ணிக்கு மட்டும் கறுப்பில 15 வீதத் தட்டைச் சாயல் தனி லேயரில. நாயாறு கோவிக்கவேண்டாம்.

மைக்கூடு:
அந்த 15 அச்சில 25 தாண்டும், 10 போடுங்கோ. அளவுகோல் இலக்கம் மூலத்தில 4 மில்லிமீற்றர் உயரமாவது இருக்கோணும், சுருங்கினா 2.7 தான் மிஞ்சும். வான்கதவும் (மிஞ்சின தண்ணியைத் திறந்துவிடுற கதவு) கீறிறதெண்டா படத்தைப் பாத்து எண்ணிக் கீறுங்கோ. ஒண்டு குறைஞ்சாலும் கிளிநொச்சியில கண்டுபிடிச்சிடுவினம்.