பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா: காலில் கறுப்புப் புள்ளி, யாரிடம் காட்டுவது?

கோபிக்காரி: இங்கே வந்து இன்னும் வீடுகூடச் சரியாக அமையவில்லை. காலில் ஒரு கறுப்புப் புள்ளி பரவிக்கொண்டே போகிறது. இந்த ஊர் வெயிலுக்குத் தோல் புற்று வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தூக்கமே இல்லை. எங்கே போவது, எவ்வளவு செலவாகும்?

பெருந்துறை அண்ணன்: அம்மணி, முதலில் தொப்பி வாங்கு. மூக்கு, காது மடல், கீழுதடு, கழுத்து, புறங்கை, இவைதான் வெயில் தின்னும் இடங்கள். தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றான மெலனோமா என்றால் ஆண்களுக்கு முதுகிலும் பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழேயும் அதிகம். வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே வெயில் தடுப்புக் களிம்பு பூசச் சொல்கிறார்கள்.

தாராபுரத்தான்: அண்ணா, அதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு. நம் நிறத்துக்கு மெலனோமா வருவதே அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981-இல், 36 வயதில் இறந்தார். பழைய தீக்காயத் தழும்பிலும், ஆறாத புண்ணிலும், வேட்டியோ பாவாடை நாடாவோ வருடக்கணக்கில் இறுக்கிய இடுப்பிலும்கூட வேறு வகைத் தோல் புற்று வருவதுண்டு. தொப்பி இதற்கெல்லாம் என்ன செய்யும்?

காங்கேயத்தார்: டாக்டரைப் பார்ப்பதே இங்கே பெரும்பாடு. நான் வந்த புதிதில் காய்ச்சலோடு கிடந்தபோது, அடுத்த வாரம் வா என்றார்கள். கோயம்புத்தூரில் டோக்கன் போட்டால் அன்று மாலையே தோல் டாக்டரைப் பார்த்துவிடலாம். ஊருக்குப் போய்க் காட்டுங்கள்.

பெருந்துறை அண்ணன்: உண்மைதான். வாடகையும் அப்படி. ஆறு சம்பளச் சீட்டைக் கொடுத்தும் எனக்கு வீடு தரவில்லை.

கோபிக்காரி: கால் என்னுடையது அல்ல, அம்மாவுடையது. பார்வையாளர் விசாவில் வந்திருக்கிறார். மஞ்சள் காட்டில் வெறுங்காலோடு நடந்தவர். குதிகாலில் முள் ஏறிய கறுப்பு என்று எருக்கம்பால் வைத்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சி செவிலி: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும், தங்கை. எருக்கம்பாலை இன்றே நிறுத்துங்கள். கால் ஆணி என்று பிளேடால் சீவவும் வேண்டாம். பார்வையாளர் விசாவில் வந்த நம் நாட்டவருக்கு மெடிகேர் என்ற இந்த ஊர் அரசு மருத்துவக் காப்பீடு இல்லை, ஆகவே பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மாஸ்கோப் இருக்கிறதா. பொது மருத்துவரே போதும். சந்தேகம் என்றால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார், அல்லது தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார். சோதனைக்கூடக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். முன்பே இருந்த நோய் என்று மறுக்கக்கூடும், அதற்காகக் காட்டாமல் இருக்காதீர்கள். புள்ளிக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஓரம் கோணலாக இருக்கிறதா, நிறம் இரண்டு மூன்றாக இருக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள். காங்கேயத்து அண்ணன் சொன்னது அம்மா இந்த வாரமே ஊர் திரும்புவதானால்தான் சரி. திரும்பும் டிக்கெட் என்றைக்கு?